டிவியில் சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லையா? சவுண்ட் செட்டிங்ஸை வரிசையாகச் சரிசெய்யும் முறை

டிவி சவுண்டைப் பற்றி வீடுகளில் வரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான். பாட்டும் சண்டையும் காதைப் பிளக்கிறது, ஆள் பேசினால் ஒன்றும் புரியவில்லை. வால்யூமை ஏற்றினால் பேச்சு கேட்கும். அடுத்த நிமிடமே விளம்பரம் வந்து வீட்டை அதிரவைக்கும். ரிமோட்டைக் கீழே வைக்காமலே ஒரு படத்தைப் பார்த்து முடிக்க வேண்டியிருக்கும்.

இதைச் சரிசெய்ய உட்காருகிறவர்கள் முதலில் போய் நிற்பது ஈக்வலைசரில், அதாவது கனமான ஒலி, கூர்மையான ஒலி என்று தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் மெனுவில். அது கடைசியாகத் தொட வேண்டிய இடம். செட்டாப் பாக்ஸில் வால்யூம் பாதியில் நின்றிருக்கும்போது, டிவிக்கு அடியில் ஸ்பீக்கரைத் துணி மூடியிருக்கும்போது, ட்ரெபிளை (கூர்மையான ஒலியை) ஏற்றி இறக்கி ஒரு பயனும் இல்லை. சத்தம் புறப்படும் இடத்தில் ஆரம்பித்து, அது வரும் வழியெல்லாம் பார்த்துக்கொண்டே காதுவரை வர வேண்டும். கீழே உள்ள வரிசை அப்படித்தான் போகிறது.

சேலம் டவுன் வீடுகளையும் ஏற்காட்டு வீடுகளையும் மனதில் வைத்து எழுதுகிறேன். ஒவ்வொரு கம்பெனி டிவியிலும் மெனுவின் பெயர் கொஞ்சம் மாறும், வேலை ஒன்றுதான்.

## 1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

டிவி ரிமோட், செட்டாப் பாக்ஸ் ரிமோட் இரண்டும் வேண்டும். பல வீடுகளில் பாக்ஸ் ரிமோட்டிலேயே எல்லாம் ஓடுவதால் டிவி ரிமோட் பேட்டரி இல்லாமல் பீரோவுக்குள் கிடக்கும். டிவியின் சவுண்ட் மெனு அதில்தான் திறக்கும். தேடி எடுத்து பேட்டரி போட்டுவிட்டு உட்காருங்கள்.

ஒரு டார்ச், ஒரு காகிதம், பேனா. ஒயர் எந்த ஓட்டையில் போகிறது என்று பார்க்க டார்ச். இப்போது இருக்கும் செட்டிங்ஸை எழுதி வைக்கக் காகிதம். மாற்றியது பிடிக்காவிட்டால் திரும்பிப் போக அதுதான் வழி.

அந்த வீட்டில் பேச்சு புரியவில்லை என்று சொல்பவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அவர் வழக்கமாக உட்காரும் இடத்திலேயே உட்காரட்டும். பேரன் காதுக்குச் சரியாக வைத்துவிட்டு, பாட்டி சாயந்திரம் டிவி போட்டதும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம்.

ஃபேன் வழக்கமான வேகத்தில் ஓடட்டும். சேலத்து ஏப்ரல், மே மாதத்தில் ஃபேன் முழு வேகத்தில் சுற்ற, ஏர்கூலரும் ஓடும். அமைதியான அறையில் செட் செய்த சவுண்ட் அந்த இரைச்சலில் நிற்காது. டிவி ஓடும் நேரத்தில் பக்கத்தில் தறி ஓடும் என்றால், அந்த நேரத்திலேயே செட் செய்யுங்கள்.

## 2. முதலில் செட்டாப் பாக்ஸ்

கேபிளோ, டிடிஎச்சோ, சத்தம் வீட்டுக்குள் நுழைவது பாக்ஸ் வழியாக. அதற்கென்று ஒரு வால்யூம் உண்டு. அதை முழு அளவுக்கோ, முழு அளவுக்கு ஓரிரு படி கீழேயோ வைத்துவிட்டு, அதன்பிறகு டிவி ரிமோட்டில் மட்டும் ஏற்றி இறக்குங்கள்.

காரணம் இது. பாக்ஸ் பலவீனமாக அனுப்பினால், அதைத் தூக்கிக் கொடுக்க டிவி சிரமப்படும். தூக்கும்போது பேச்சோடு சேர்ந்து பின்னால் இருக்கும் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலும் ஏறும். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் பின் ஒயரில் ஓடும் வீடுகளில் இது நன்றாகவே தெரியும். டிவியில் எச்டிஎம்ஐ ஓட்டையும் பாக்ஸில் அதே ஓட்டையும் இருந்தால், பின் ஒயரைக் கழற்றிவிட்டு எச்டிஎம்ஐ போடுங்கள். பின் ஒயர்தான் வழி என்றால், ஒவ்வொரு பின்னையும் கழற்றி அழுத்திச் சொருகுங்கள். வெள்ளையோ சிவப்போ தளர்ந்திருந்தால் ஒரு பக்கச் சத்தம் போய்விடும்.

சில கேபிள் பாக்ஸ்களில் இடது, வலது, ஸ்டீரியோ என்று மாற்றும் வசதி இருக்கிறது. ரிமோட்டில் கை தவறிப் பட்டாலே மாறிவிடும். குறிப்பிட்ட ஒரு சேனலில் மட்டும் பாட்டு வருகிறது, குரல் மெலிந்து கேட்கிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள். ஸ்டீரியோவில் இருக்க வேண்டும்.

சத்தத்தை எந்த வடிவில் அனுப்புவது, டால்பியா பிசிஎம்மா என்று பாக்ஸின் ஆடியோ மெனு கேட்டால், டிவி ஸ்பீக்கரில் மட்டும் கேட்கும் வீட்டுக்கு பிசிஎம் அல்லது ஸ்டீரியோ போதும். டால்பியை எப்போது போடுவது என்பது 9-வது பகுதியில்.

## 3. டிவி நிற்கும் இடம்

இது செட்டிங்ஸ் இல்லை என்று நினைத்துத் தாண்டிவிடாதீர்கள். தட்டை டிவிகளில் ஸ்பீக்கர் முன்பக்கம் இருப்பது குறைவு. பெரும்பாலும் அடிப்பக்கம் கீழே பார்த்தபடி இருக்கும், இல்லாவிட்டால் பின்பக்கம். பழைய டப்பா டிவியில் சத்தம் நேராக நம்மைப் பார்த்து வந்தது. இதில் மேசையிலோ சுவரிலோ பட்டுத் திரும்பித்தான் வருகிறது.

டார்ச் அடித்து டிவியின் அடிவிளிம்பைப் பாருங்கள். சின்னச் சின்ன ஓட்டைகள் வரிசையாகத் தெரியும் இடம்தான் ஸ்பீக்கர் வாய். அதற்குக் கீழே பின்னல் துணி விரித்திருந்தால் எடுத்துவிடுங்கள். கடையில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாள் இன்னும் அந்த விளிம்பை மூடியிருந்தால் உரித்துவிடுங்கள். புதுசாகவே இருக்கட்டும் என்று அதை அப்படியே விட்டிருப்பார்கள். ஸ்பீக்கர் வாயை அடைத்துக்கொண்டு சாமி படமோ பொம்மையோ நின்றால், ஒரு கை தள்ளி வையுங்கள். பேச்சைப் புரியவைக்கும் கூர்மையான ஒலிகள்தான் இப்படிப்பட்ட தடுப்பில் முதலில் அடங்கிப்போகும்.

ஷோகேஸ் குழிக்குள் டிவியை அடக்கி வைத்தால் சத்தம் டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல ‘கும்’ என்று இருக்கும். முடிந்த அளவு முன்னால் இழுத்து வையுங்கள். மெனுவில் ‘சுவரில் மாட்டியது, மேசையில் வைத்தது’ என்று ஒரு தேர்வு இருந்தால், இருப்பதைச் சரியாகச் சொல்லுங்கள். அதற்கேற்ப கனமான ஒலியை டிவி கூட்டிக் குறைத்துக்கொள்ளும்.

அறையையும் ஒரு பார்வை பாருங்கள். டைல்ஸ் தரை, காங்கிரீட் தளம், வெறும் சுவர், நாலு பக்கமும் வழவழப்பு. கையைத் தட்டிப் பார்த்தால் ‘டிங்’ என்று ஒரு வால் நீளும். அந்த வால் ஒவ்வொரு எழுத்தின் மேலும் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. டிவிக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் ஒரு கனமான பவானி ஜமக்காளத்தை விரித்து, ஜன்னலுக்குத் திரை போட்டு மறுபடி தட்டுங்கள். வித்தியாசம் காதிலேயே தெரியும். எந்த மெனுவிலும் கிடைக்காத பலன் இது.

## 4. பழைய குழப்பத்தை அழித்துவிட்டுத் தொடங்குங்கள்

ஏற்கனவே நாலு பேர் நாலு விதமாக மாற்றியிருப்பார்கள். அதன் மேலேயே நாமும் மாற்றினால் எது எதனால் ஆனது என்று தெரியாது. பழைய அளவுகளை எழுதிக்கொண்டு, சவுண்ட் மெனுவில் ரீசெட் என்று இருப்பதைக் கொடுங்கள். சவுண்டுக்கு மட்டும் உள்ள ரீசெட்டாகப் பார்த்துக் கொடுங்கள். டிவி முழுவதையும் ரீசெட் செய்தால் வைஃபை, ஆப், சேனல் எல்லாம் முதலிலிருந்து போட வேண்டிவரும்.

இடது, வலது ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பங்கிடும் பேலன்ஸ் நடுவில், அதாவது பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. செட்டிங்ஸ் மாற்றிவைத்தால் கொஞ்ச நேரத்தில் தானாகப் பழையபடி ஆகிறது என்றால், டிவி கடை மோடில் இருக்கலாம். ஷோரூமில் வைத்துக் காட்டுவதற்காக உள்ள மோட் அது. முதன்முதலில் ஆன் செய்தபோது ‘வீடா, கடையா’ என்று கேட்டதற்கு மாற்றி அழுத்தியிருப்பார்கள். வீட்டு மோடுக்கு மாற்றாமல் மேலே போவது வீண்.

## 5. சவுண்ட் மோட்

சவுண்ட் பாரோ ஹோம் தியேட்டரோ மாட்டியிருக்கும் வீடுகள் இங்கிருந்து நேராக 8, 9-வது பகுதிகளுக்குப் போய்விடுங்கள். டிவியின் சவுண்ட் மோட், ஈக்வலைசர் பெரும்பாலும் அதன் சொந்த ஸ்பீக்கருக்கு மட்டும்தான்.

சோதனைக்குச் செய்தி சேனல் போடுங்கள். ஒரே ஆள், ஒரே சீரான குரல், பின்னணி இசை குறைவு. விவாத நிகழ்ச்சி வேண்டாம், நாலு பேர் ஒன்றாகப் பேசினால் எந்த டிவியிலும் புரியாது. பாட்டு போட்டு செட் செய்யவே கூடாது. பாட்டு எந்த செட்டிங்கிலும் ஏதோ ஒரு விதத்தில் நன்றாகத்தான் இருக்கும், அதில் பேச்சின் குறை தெரியாது.

ஸ்டாண்டர்டு, மியூசிக், மூவி, ஸ்போர்ட்ஸ் என்று வரிசையாக இருக்கும். அவற்றோடு பேச்சுக்கென்றே ஒன்று இருக்கும். எல்ஜியில் ‘கிளியர் வாய்ஸ்’, சோனியில் ‘டயலாக்’, வேறு கம்பெனிகளில் ‘ஸ்பீச்’, ‘நியூஸ்’. முதலில் ஸ்டாண்டர்டில் ஒரு நிமிடம் கேளுங்கள். அப்புறம் பேச்சு மோடில் ஒரு நிமிடம். வால்யூமைத் தொடாமல் ஒப்பிட வேண்டும். ஏனென்றால் சத்தம் கூடினாலே காதுக்குத் தெளிவு கூடியதுபோலத் தோன்றும்.

சீரியலும் செய்தியும்தான் ஓடும் வீடு என்றால் பேச்சு மோடே போதும், வேலை பாதி முடிந்தது. படமும் பாட்டும் நிறையப் பார்க்கும் வீட்டில் அந்த மோட் பாட்டைச் சப்பென்று ஆக்கிவிடும். அவர்கள் ஸ்டாண்டர்டில் இருந்துகொண்டு 7-வது பகுதியில் உள்ளதைச் செய்யலாம். மூவி மோடை நான் வீடுகளில் பரிந்துரைப்பதில்லை. சின்ன ஸ்பீக்கரிலிருந்து தியேட்டர் அதிர்வைப் பிழிந்தெடுக்கப் பார்க்கும் மோட் அது, அடிபடுவது வசனம்தான்.

## 6. தானாக வேலை செய்யும் வசதிகள்

சரவுண்ட், விர்ச்சுவல், த்ரீடி என்று பெயர் வைத்தவை எல்லாவற்றையும் முதலில் அணைத்துவிடுங்கள். இரண்டே ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு சுற்றிலும் சத்தம் வருவதுபோலக் காட்டும் வேலை இது. நடுவில் நிற்க வேண்டிய குரல் இதனால் கரைந்துபோகும். எல்லாம் முடிந்தபின் வேண்டுமானால் போட்டுப் பாருங்கள்.

ஆட்டோ வால்யூம் என்பதை ஆன் செய்யுங்கள். ஒரு சேனலிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போதும், விளம்பரம் வரும்போதும் ஏறும் சத்தத்தை இதுதான் பிடித்து நிறுத்தும். விளம்பரங்களில் மெல்லிய இடமே இருக்காது, எல்லாவற்றையும் உச்சத்துக்குப் பக்கத்திலேயே இறுக்கி வைத்திருப்பார்கள். அதனால்தான் வால்யூம் எண் மாறாமலே சத்தம் கூடியதுபோல இருக்கிறது.

நைட் மோட் என்று தனியாக இருந்தால், அது பெருஞ்சத்தத்தை அமுக்கி மெல்லிய சத்தத்தைத் தூக்கும். குழந்தை தூங்கும் வீட்டுக்கு அருமையான வசதி. பகலில் பாட்டுக் கச்சேரி கேட்கிறவர்கள் அணைத்துக்கொள்ளலாம். கச்சேரியில் ஏற்ற இறக்கம்தானே உயிர்.

## 7. ஈக்வலைசர்: இப்போதுதான் இதன் முறை

அம்மாபேட்டையில் தறிவீட்டுக்கு அடுத்த வீடு. அந்த வீட்டு அம்மாயி சொன்னது: “சத்தம் எல்லாம் நல்லாத்தான் கேக்குது கண்ணு, என்ன பேசறாங்கன்னுதான் தெரிய மாட்டேங்குது.” டிவி வால்யூம் ஏறக்குறைய உச்சத்தில் இருந்தது. பேஸும் (கனமான ஒலி) முழுதாக ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு வசனத்துக்கும் டிவி வைத்த மரப்பலகை அதிர்ந்தது. தறியின் ‘தடக் தடக்’ ஒரு பக்கம், பலகையின் அதிர்வு ஒரு பக்கம், இரண்டுக்கும் நடுவில் பேச்சு. ஈக்வலைசரில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அந்த அம்மாயியின் ஒரு வரி போதும்.

பேச்சில் இரண்டு பங்கு இருக்கிறது. குரலின் கனம், உயிரெழுத்துகளின் இழுப்பு எல்லாம் கீழ்ப்பக்கத்து அதிர்வெண்களில் வருகின்றன. ‘பேசுகிறார்கள்’ என்று தெரிவது அதனால். ஆனால் ‘பத்து’ என்றாரா ‘பட்டு’ என்றாரா ‘பஞ்சு’ என்றாரா என்று பிரித்துக் காட்டும் மெய்யெழுத்துகளின் கூர்மை, பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலும் அதற்கு மேலும் இருக்கிறது. வயதாகும்போது காது முதலில் இழப்பதும் மேல்பக்கத்து அதிர்வெண்களைத்தான். அதனால் பெரியவர்களுக்குச் சத்தம் கேட்கும், சொல் பிரியாது. வால்யூமை ஏற்றினால் இரண்டு பங்கும் சேர்ந்தே ஏறும், சிக்கல் அப்படியே இருக்கும்.

ஐந்து பட்டை ஈக்வலைசரில் பல டிவிகளில் 100, 300, 1,000, 3,000, 10,000 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். செய்தி ஓடட்டும். இந்த வரிசையில் போங்கள்:

முதலில் 100-ஐ இரண்டு மூன்று படி இறக்குங்கள். ஏற்றுவதற்கு முன் இறக்குவதுதான் முறை. டிவிக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உருப்படியாக ஒன்றும் தர முடியாது. ஏற்றினால் கரகரப்பும் பலகை அதிர்வும்தான் மிச்சம்.

அடுத்து 300-ஐ ஒரு படி இறக்கிக் கேளுங்கள். ‘கும்’ என்ற மூட்டம் விலகினால் இன்னொரு படி. குரல் தகர டப்பாவில் பேசுவதுபோல மெலிந்தால் ஒரு படி திரும்ப ஏற்றுங்கள். ஆண் குரல் செய்தி, பெண் குரல் செய்தி இரண்டிலும் கேட்க வேண்டும்.

அப்புறம் 3,000-ஐ இரண்டு படி ஏற்றுங்கள். சொல் பிரிவது இங்கேதான் தெரியும். 1,000-ஐ ஒரு படி ஏற்றலாம், அல்லது அப்படியே விடலாம். 10,000-ஐத் தொட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. அதை ஏற்றினால் ‘ஸ’, ‘ஷ’ எல்லாம் காதில் குத்தும், இளம் வயதினர் எரிச்சலாவார்கள்.

பேஸ், ட்ரெபிள் என்று இரண்டே இருந்தால் பேஸை இறக்கி, ட்ரெபிளைக் கொஞ்சம் ஏற்றுங்கள். அவ்வளவுதான் அதில் முடியும்.

ஒரு தடவைக்கு ஒரு பட்டையை மட்டும் மாற்றுங்கள். மாற்றியபின் அரை நிமிடம் கேளுங்கள். கேட்பவரிடம் “நல்லா இருக்கா?” என்று கேட்காதீர்கள். உட்கார வைத்துக் கேட்டால் மரியாதைக்கு நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். “இப்ப என்ன சொன்னாங்க?” என்று கேளுங்கள். சொல்ல முடிந்தால் சரி.

பட்டைகளை ஆங்கில ‘வி’ எழுத்து வடிவில் வைப்பதுதான் அதிகம் பார்க்கும் தவறு. இரண்டு ஓரமும் உச்சியில், நடு பள்ளத்தில். ஷோரூமில் பாட்டு போட்டுக் காட்ட அது எடுப்பாக இருக்கும். ஆனால் மனிதக் குரல் நிற்பது அந்தப் பள்ளத்தில்தான்.

அம்மாயி வீட்டில் இதெல்லாம் முடிந்தபோது வால்யூமும் தானாகவே இறங்கியது. ஏற்றி வைக்க வேண்டிய தேவையே அவருக்கு இல்லாமல் போய்விட்டது.

## 8. ஓடிடி ஆப்பில் எந்த ஆடியோ

கேபிளில் நன்றாக இருக்கிறது, ஆப்பில் படம் போட்டால் மட்டும் வசனம் முணுமுணுக்கிறது என்றால், டிவி செட்டிங்ஸைத் திரும்பக் கலைக்க வேண்டாம். படம் ஓடும்போது ஆடியோ தேர்வைத் திறந்து பாருங்கள். தமிழ், தமிழ் 5.1 என்று இரண்டு இருக்கலாம். 5.1-இல் வசனத்துக்கென்று நடுவில் தனி ஸ்பீக்கர் இருப்பதாக வைத்துக் கலந்திருப்பார்கள். டிவியில் இருப்பதோ இரண்டு ஸ்பீக்கர். ஆறு வழிச் சத்தத்தை இரண்டுக்குள் அடக்கும்போது இசையும் வெடியும் வசனத்தை நெருக்கும். டிவி ஸ்பீக்கரில் கேட்கிறவர்கள் 5.1 இல்லாததைத் தேர்ந்தெடுங்கள்.

“ஒருத்தர் குறுக்கே வந்து ‘அவன் கதவைத் திறக்கிறான்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்” என்று சிலர் கேட்பார்கள். அது பார்வையற்றவர்களுக்காகக் காட்சியை விவரிக்கும் ஆடியோ. அதே பட்டியலில் மாற்றிக்கொள்ளலாம். எல்லா ஆப்பிலும் தொடர்ந்து வந்தால் டிவியின் அணுகல்தன்மை மெனுவில் ஆன் ஆகியிருக்கும்.

## 9. சவுண்ட் பார், ஹோம் தியேட்டர்

எச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியின் சத்தத்தை எச்டிஎம்ஐ ஒயரிலேயே சவுண்ட் பாருக்கு அனுப்பும் வசதி) உள்ள டிவி, சவுண்ட் பார் என்றால் அதுவே முதல் வழி. இந்த வசதி 2009-இல் வந்த எச்டிஎம்ஐ 1.4-இல் சேர்ந்தது, அதற்கு முந்திய டிவிகளில் இருக்காது. டிவியில் மூன்று எச்டிஎம்ஐ ஓட்டை இருந்தாலும் ஏஆர்சி என்று எழுதியிருக்கும் ஒன்றில் மட்டும்தான் வேலை செய்யும். சவுண்ட் வரவில்லை என்று அழைக்கும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். டார்ச் எடுத்து வைக்கச் சொன்னது இதற்காகவும்.

வரிசை: இரண்டையும் பிளக்கிலிருந்து எடுங்கள். ஒயரைச் சொருகுங்கள். ஆன் செய்து, டிவி மெனுவில் சிஇசி வசதியை (இரண்டு கருவியும் ஒயர் வழியே ஒன்றையொன்று இயக்குவது) போடுங்கள். சாம்சங்கில் அதன் பெயர் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். அப்புறம் சவுண்ட் அவுட்டில் ஏஆர்சியைத் தேர்ந்தெடுங்கள். டிஜிட்டல் ஃபார்மட்டை முதலில் பிசிஎம்மில் வையுங்கள். எல்லாக் கருவிக்கும் புரியும் வடிவம் அது. சத்தம் வந்துவிட்டால் ஒயரும் ஓட்டையும் சரி என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகு ஆட்டோ அல்லது பாஸ் த்ரூ (வந்ததை மாற்றாமல் அப்படியே அனுப்புவது) என்று மாற்றி டால்பி வருகிறதா என்று பாருங்கள். பாக்ஸிலும் டால்பியை இப்போதுதான் ஆன் செய்ய வேண்டும். இப்படிப் பிரித்துப் பார்க்காமல் நேரே டால்பியில் தொடங்கினால், சத்தம் வராதபோது குற்றம் எங்கே என்று பிடிக்க முடியாது.

ஒரு நாள் வேலை செய்து மறுநாள் நின்றால், இரண்டின் பிளக்கையும் பிடுங்கி ஓரிரு நிமிடம் விட்டுப் போடுங்கள். ரிமோட்டில் அணைத்தால் போதாது, உள்ளே மின்சாரம் இருந்துகொண்டுதான் இருக்கும்.

ஆப்டிகல் ஒயரில் (சத்தத்தை ஒளியாக அனுப்பும் ஒயர்) சாதாரண டால்பி 5.1 போகும். ஆப்கள் அதிகம் பயன்படுத்தும் டால்பி டிஜிட்டல் பிளஸ் அதில் போகாது.

ஊரில் அசெம்பிள் செய்த ஹோம் தியேட்டர் இன்னும் நிறைய வீடுகளில் இருக்கிறது. அதற்குச் சிவப்பு, வெள்ளை பின் வேண்டும். டிவியில் ஆப்டிகல் மட்டும் இருந்தால் நடுவில் ஒரு கன்வெர்ட்டர் போடுவோம். விலை குறைந்த கன்வெர்ட்டருக்கு டால்பியைப் பிரிக்கத் தெரியாது, பிசிஎம்மில் வைக்காவிட்டால் சத்தமே வராது அல்லது இரைச்சல் மட்டும் வரும். ஹெட்போன் ஓட்டையிலிருந்து எடுத்தால் டிவி வால்யூமை முக்கால்வாசியில் நிறுத்திவிட்டு ஆம்பிளிஃபயரில் கூட்டிக் குறையுங்கள்.

இந்த செட்டுகளில் வசனம் காணாமல் போக மூன்று காரணங்கள் உண்டு. நடு ஸ்பீக்கரை இடமில்லை என்று கழற்றிக் கட்டிலுக்கடியில் போட்டிருப்பார்கள், 5.1-இல் வசனம் வருவதே அதில்தான். ஹெட்போன் பின் பாதிதான் உள்ளே போயிருக்கும். அப்படி இருந்தால் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக உள்ள குரல் அடிபட்டு, இசை மட்டும் கேட்கலாம். மூன்றாவது, ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு, கறுப்பு ஒயர் மாறியிருக்கும். ஒரு ஸ்பீக்கர் தள்ளும்போது மற்றது இழுக்கும், நடுவிலிருந்து வர வேண்டிய குரல் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாது, பேஸும் செத்துவிடும். ஒரு பக்க ஒயரை மாற்றிப் போட்டதும் குரல் வந்து நடுவில் நிற்கும்.

வாட்ஸ் பார்த்து மயங்க வேண்டாம். 20 வாட்ஸ் 40 ஆனால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும்.

## 10. உதடும் பேச்சும் ஒட்டவில்லை என்றால்

செய்தி வாசிப்பவர் ‘வணக்கம்’ சொல்லும் இடத்தைப் பாருங்கள். கடைசி ‘ம்’-க்கு உதடு கட்டாயம் மூடும். உதடு மூடும்போதே ‘ம்’ கேட்க வேண்டும். இதைவிட எளிய சோதனை கிடையாது.

பேச்சு முந்துவதைக் காது சீக்கிரம் பிடித்துவிடும், பிந்துவதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1998-ஆம் ஆண்டுப் பரிந்துரையில், பேச்சு 45 மில்லிசெகண்ட் முந்தினாலோ 125 மில்லிசெகண்ட் பிந்தினாலோ மக்களுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது என்று இருக்கிறது. இடி முழக்கம் மின்னலுக்குப் பின்னால் வருவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம், சத்தம் பிந்துவது நமக்குப் பழக்கம்.

பேச்சு முந்தினால் சவுண்ட் டிலே அல்லது ஏவி சிங்க் என்பதைப் பத்துப் பத்து மில்லிசெகண்டாக ஏற்றுங்கள். பிந்தினால் அது பெரும்பாலும் கைகொடுக்காது, தாமதத்தைக் கூட்டத்தான் அதற்குத் தெரியும். முதலில் அது பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சவுண்ட் பார் ப்ளூடூத்தில் ஓடினால் அதுவே காரணமாக இருக்கலாம். ஒயருக்கு மாற்றுங்கள்.

## 11. ஏற்காட்டு வீடுகளுக்குக் கூடுதலாக

தகர ஷீட் கூரையில் மழை இறங்கினால் எந்த ஈக்வலைசரும் அதை ஜெயிக்காது. வால்யூமை உச்சத்துக்கு ஏற்றி ஸ்பீக்கரைக் கிழித்துக்கொள்ள வேண்டாம். மழை நேரத்துக்குப் பேச்சு மோட், நைட் மோட் இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். ஆப்பில் படம் என்றால் சப்டைட்டில் போட்டுக்கொள்ளலாம். தனியாகப் பார்க்கிறவருக்கு ஒயர் ஹெட்போன் நல்லது.

இடி இடிக்கும்போது டிவி பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. டிஷ் கேபிளையும் பாக்ஸிலிருந்து கழற்றுங்கள். மலையில் டிஷ் உயரத்தில் நிற்கிறது. கேபிள் வழியாக வரும் மின்பாய்ச்சல் பாக்ஸைத் தாண்டி எச்டிஎம்ஐ ஓட்டையையும் அடிக்கலாம். படம் வந்தாலும் ஏஆர்சி மட்டும் செத்திருக்கலாம். அப்புறம் எந்த செட்டிங்கில் தேடினாலும் கிடைக்காது. வானம் இருட்டும்போதே கழற்றிவிடுங்கள். தலைக்கு மேல் இடிக்கும்போது ஒயரைத் தொடவே கூடாது.

## 12. செட்டிங்ஸால் தீராதது எது

எல்லாம் செய்தும் கரகர என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் ஒரு சோதனை. ஈக்வலைசரைச் சமமாக வைத்து, அதே சேனலை ஹெட்போனில் கேளுங்கள். ஹெட்போனில் சுத்தமாக இருந்து ஸ்பீக்கரில் மட்டும் கரகரத்தால் பெரும்பாலும் ஸ்பீக்கர் கிழிந்திருக்கும். ஹெட்போனிலும் கரகரத்தால் வேறு சேனல், அப்புறம் ஒரு ஆப் போட்டுப் பாருங்கள். சேனலில் மட்டும் என்றால் பாக்ஸோ ஒயரோ. எல்லாவற்றிலும் என்றால் டிவிக்குள் போர்டு. பேலன்ஸை முழுக்க இடது, முழுக்க வலது என்று தள்ளிக் கேட்டால் எந்தப் பக்க ஸ்பீக்கர் என்பதும் தெரிந்துவிடும்.

மெக்கானிக்கிடம் “சவுண்ட் சரியில்லைங்க” என்று சொல்லாமல், “ஹெட்போன்ல நல்லா இருக்குதுங்க, வலது ஸ்பீக்கர் மட்டும் கரகரங்குது” என்று சொல்லுங்கள். அதற்கான ஸ்பீக்கரைக் கையோடு கொண்டுவருவார். போர்டை மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னாலும், முதலில் ஸ்பீக்கரைப் பாருங்கள் என்று சொல்ல உங்களிடம் காரணம் இருக்கும்.